இடுப்பு வலிக்கு எத்தனை கோடு? மெடிக்கல் கோடிங் படிக்க விரும்பும் மகளின் அம்மாவுக்கு

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

மைக்ரோபயாலஜி முடித்த மகள் மெடிக்கல் கோடிங் படிக்கிறேன் என்கிறாள். ராத்திரி ஷிப்ட் வருமோ, பயிற்சி மையம் கேட்கும் பணம் வீணாகுமோ என்று உங்களுக்குத் தூக்கம் இல்லை. அது என்ன வேலை என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அது தெரியாமல் பணத்தைப் பற்றி முடிவெடுக்க முடியாது.

அமெரிக்காவில் ஒருவர் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால், டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய கோடு (எழுத்தும் எண்ணும் கொண்ட குறியீடு) போட்ட பிறகுதான் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பணம் கேட்க முடியும். அந்தக் குறிப்பைச் சார்ட் என்பார்கள். நம் பிள்ளைகள் கிண்டியிலும் ஓ.எம்.ஆர். பக்கமும் உட்கார்ந்து நாள் முழுக்கப் படிப்பது அதைத்தான்.

இடுப்பு வலியையே எடுத்துக்கொள்ளுங்கள். காசிமேட்டில் மீன் பெட்டி தூக்குகிறவருக்கும், வண்ணாரப்பேட்டையில் தையல் மெஷினில் குனிந்திருப்பவருக்கும் வருவது நம் பேச்சில் ஒரே இடுப்பு வலிதான். கோடருக்கு அப்படி இல்லை. நோய்களுக்குக் கோடு தரும் அமெரிக்க ஐசிடி-10-சிஎம் பட்டியலில் எம்54.5 என்று ஒரே கோடு இருந்ததை 2021 அக்டோபர் 1 முதல் மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். டாக்டர் வெறுமனே 'லோ பேக் பெயின்' என்று எழுதியிருந்தால் எம்54.50. முள்ளெலும்பின் எண்ட்பிளேட்டிலிருந்து (டிஸ்க்கைத் தொடும் மேல், கீழ்ப் பரப்பு) வரும் வலி, அதாவது வெர்ட்டிப்ரோஜெனிக் என்றால் எம்54.51. வேறு வகையைக் குறிப்பிட்டிருந்தால் எம்54.59. இன்றைக்குப் பழைய கோடைப் போட்டு அனுப்பினால் கிளைம், அதாவது இன்சூரன்ஸிடம் பணம் கேட்டு அனுப்பியது, திரும்பி வந்துவிடும்.

இதோடு முடிவதில்லை. இடுப்பு வலியோடு வலது பக்கம் சயாட்டிகாவும் (இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி) இருந்தால் எம்54.41, இடது பக்கம் என்றால் எம்54.42. அந்தச் சயாட்டிகாவுக்கு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்தான் காரணம் என்று டாக்டர் எழுதிவிட்டால் இந்தப் பக்கமே வரக் கூடாது, எம்51.1 வரிசைக்குப் போக வேண்டும். பாரம் தூக்கித் தசை பிடித்துக்கொண்டது என்றால் அது காயக் கணக்கில் எஸ்39.012. அதன் கடைசியில், சிகிச்சை நடக்கிறதா, குணமாகும் கட்டமா, பின்விளைவா என்பதைக் காட்ட ஓர் எழுத்தும் சேர வேண்டும். 2024 அக்டோபரில் இடுப்பு டிஸ்க் தேய்மானத்தையும், வலி இடுப்பில் மட்டுமா, காலில் மட்டுமா, இரண்டிலுமா என்று பிரித்தார்கள். ஆண்டுதோறும் அக்டோபரில் இப்படி ஏதாவது மாறும். படித்து முடித்தேன் என்று புத்தகத்தை மூடிவைக்க முடியாத வேலை இது.

உங்கள் மகளுக்கு ஒரு சின்னச் சோதனை வைக்கிறேன். வெளிநோயாளி சார்ட் ஒன்றில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "பெட்டி தூக்கியதிலிருந்து இடுப்பு வலி, வலது காலுக்கு இறங்குகிறது, டிஸ்க் விலகியிருக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுக்கவும்." படித்ததும் டிஸ்க் கோடு போடத்தான் கை போகும். போடக் கூடாது. வெளிநோயாளி விஷயத்தில் 'இருக்கலாம்' என்று எழுதியதை நோயாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. சயாட்டிகா என்ற சொல்லும் அதில் இல்லை, தசைப்பிடிப்பு என்றும் இல்லை. எழுதியிருக்கும் அறிகுறிக்கு மட்டும்தான் கோடு. தெளிவில்லை என்றால் டாக்டருக்கே கேள்வி அனுப்ப வேண்டும். அதே 'இருக்கலாம்' உள்நோயாளியின் டிஸ்சார்ஜ் குறிப்பில் இருந்தால், மருத்துவமனைக் கணக்கில் அதை உறுதியான நோய் போலவே கோடு செய்ய விதி இடம் தருகிறது.

இதைப் படித்ததும் "ஏன் அப்படி?" என்று அவள் கேட்டால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். எரிச்சல்பட்டால் மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் நான் தயங்குவேன். தினமும் டார்கெட் இருக்கும், குவாலிட்டி பார்க்கிறவர் ஒவ்வொரு தவறையும் எடுத்துக் காட்டுவார். படிப்பதில் ருசி இல்லாதவர்களுக்கு ஒரு வருடம் தள்ளுவதே கஷ்டம்.

ராத்திரி ஷிப்ட் விஷயத்தில் பல பெற்றோர் ஏ.ஆர். காலிங்கையும் கோடிங்கையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டுப் பணம் வரவில்லை என்று பேசுவது ஏ.ஆர். காலிங். அதற்கு அவர்களுடைய பகல்தான், நமக்கு இரவு. கோடர் சார்ட்டோடு மட்டும்தான் பேச வேண்டும் என்பதால் பெரும்பாலும் பகல் வேலை. ஆனாலும் ஆஃபர் லெட்டரில் எந்த வேலை, எந்த ஷிப்ட் என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கிண்டியில் வேலை கிடைத்தால் தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் வண்டி மாறாமல் போய்விடலாம். சிறுசேரி என்றால் போக வர நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். '100 சதவீதம் வேலை உறுதி' என்று சொல்லி மொத்தத் தொகையையும் முன்னாடியே கேட்கும் இடத்தில் கட்ட வேண்டாம். ஃப்ரெஷரை எடுத்துத் தாங்களே பயிற்சி தரும் கம்பெனிகள் சென்னையில் இருக்கின்றன, முதலில் அங்கே முயற்சி செய்யட்டும். ஏஏபிசி என்ற அமெரிக்கக் கோடர் அமைப்பு நடத்தும் சிபிசி என்ற கோடர் சான்றிதழ்த் தேர்வு நல்ல தேர்வுதான்: 100 கேள்விகள், 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, கோடு புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். ஆனால் அனுபவம் இல்லாமல் எழுதினால் பட்டத்தோடு 'அப்ரண்டிஸ்' என்ற ஒட்டும் சேர்ந்து வரும். வேலையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு எழுதுவதே என் விருப்பம்.

ஏஐ வந்து இந்த வேலையை எடுத்துவிடுமா என்று உங்கள் மகன் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். சரியான கேள்வி. எளிய எக்ஸ்ரே ரிப்போர்ட்டுகளுக்கு மென்பொருளே கோடு போடுவது வந்துவிட்டது. கோடை மட்டும் மனப்பாடம் செய்தவர்களுக்கு ஆபத்துதான். உடற்கூறும் விதியும் தெரிந்து, மென்பொருள் போட்டதைச் சரிபார்க்கவும், திரும்பி வந்த கிளைமை ஆராயவும் தெரிந்தவர்களுக்கு அடுத்த படி இருக்கிறது. மைக்ரோபயாலஜி படித்தவள் என்பதால் உங்கள் மகளுக்கு உடற்கூறைப் பிடித்துக்கொள்வது சிரமமாக இருக்காது.

அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசியின் இணையதளத்தில் ஐசிடி-10-சிஎம் பட்டியலும் விதிமுறைகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. எம்54 பகுதியையும் வெளிநோயாளி விதிகளையும் எடுத்து அவள் இரண்டு வாரம் படிக்கட்டும். அதுவரை எங்கேயும் முன்பணம் கட்டாதீர்கள். படித்ததில் புரியாததை ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசுவோம்.