காதால் கேட்டுக் கற்கும் வைத்தியம்

கேள்வி: என் மகள் ஹவுஸ் சர்ஜன். குழந்தைகளுக்கு ஏற்படும் காயங்களைப் பற்றி பஸ்ஸில் போகும்போது பாட்காஸ்ட் கேட்டுப் படிக்கிறாள். எக்ஸ்ரேயைக் கண்ணால் பார்க்காமல் இதெல்லாம் எப்படிப் புரியும்? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: தாராளமாகக் கேட்கட்டும் அம்மா. குழந்தைக் காயங்களில் பாதி விஷயம் என்ன நடந்தது என்ற கதையிலேயே இருக்கிறது. இரண்டு வயதுக் குழந்தை, யாரோ கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள், வீக்கம் இல்லை, ஆனால் கையை அசைக்காமல் தொங்கவிட்டிருக்கிறது என்றால், பெரும்பாலும் முழங்கை லேசாக நழுவியிருக்கும். இதற்கு வழக்கமாக எக்ஸ்ரேகூடத் தேவைப்படாது, பயிற்சி பெற்றவர் முன்கையைச் சரியாகத் திருப்பினாலே கொஞ்ச நேரத்தில் குழந்தை பொம்மையை எட்டி எடுக்கும். இதைக் காதால் கேட்டாலே மனதில் பதியும். சொல்லும் கதைக்கும் காயத்துக்கும் பொருத்தமில்லை, தவழக்கூட ஆரம்பிக்காத சிசுவுக்குக் கன்றிப்போன காயம் என்றால் யாராவது அடித்திருப்பார்களோ என்று சந்தேகிக்க வேண்டும். பெற்றோரிடம் அதை எப்படிப் பக்குவமாகக் கேட்பது என்பதை ஒரு நல்ல குரல் புத்தகத்தைவிட நன்றாகவே கற்றுத்தரும்.

நீங்கள் சொல்வது வளர்ச்சித் தட்டு (குழந்தையின் எலும்பு நீளமாக வளர உதவும், முனைக்கருகே உள்ள குருத்தெலும்பு அடுக்கு) முறிவுகளுக்குப் பொருந்தும். டொராண்டோவின் மருத்துவர்கள் சால்ட்டரும் ஹாரிஸும் 1963-இல் வகுத்த ஐந்து வகைகளைப் படம் இல்லாமல் பிரித்தறிவது கஷ்டம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் உருவான, குழந்தை மருத்துவம் கற்றுத்தரும் பீட்ஸ்கேசஸ் (PedsCases) பாட்காஸ்டுகளுக்கு எழுத்து வடிவமும் கிடைக்கிறது. பஸ்ஸில் கேட்டதை அன்று இரவே படத்தோடு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், வார்டில் சீனியர் பக்கத்தில் நின்று கையால் செய்து பழகுவதை மட்டும் விட்டுவிட வேண்டாம்.