கேளுங்கள், சொல்கிறோம்: 38 கதிரைகள், அதைவிடக் கூடுதலான ஆட்கள்

கேள்வி: கல்யாண வீட்டு அழைப்பிதழ், நினைவு மலர், விளையாட்டுக் கழக நோட்டீஸ் என்று 'முன்னாள் வட மாகாண சபை உறுப்பினர்' எனப் போட்டு வரும் பெயர்களையெல்லாம் ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு வந்தேன். 38ஐத் தாண்டிவிட்டது. யாரோ புழுகுகிறார்களா? (உரும்பிராய் வாசகர்)

பதில்: யாரும் புழுகவில்லை, கொப்பியைக் கிழித்துவிடாதீர்கள். 38 என்பது சபையிலிருந்த கதிரைகளின் கணக்கு, ஆட்களின் கணக்கு அல்ல. 2013 செப்டெம்பர் 21 தேர்தலில் மக்கள் நேரே தெரிவு செய்தது 36 பேரை: யாழ்ப்பாணம் 16, வவுனியா 6, மன்னார் 5, முல்லைத்தீவு 5, கிளிநொச்சி 4. மாகாணம் முழுவதிலும் கூடிய வாக்கு எடுத்த கட்சிக்கு 2 போனஸ் ஆசனம். அது தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குப் போனது. ஆக, கூட்டமைப்பு 30, ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 7, முஸ்லிம் காங்கிரஸ் 1.

இனித்தான் விஷயம். அந்த 2 போனஸில் ஒன்றை அய்யூப் அஸ்மினுக்குக் கொடுத்தார்கள். மற்றதை ஆண்டுக்கு ஒருவர் என்று முறை வைத்து மாற்றுவதாகத் தீர்மானித்து, முதலில் மேரி கமலா குணசீலனை இருத்தினார்கள். ஐந்து கட்சி சேர்ந்த கூட்டில் எல்லாரையும் சமாளிக்க வேறு வழி தெரியவில்லைபோலும், ஆனால் ஒரு உறுப்பினர் கேள்வி கேட்கப் பழகி எழும்பும்போது அவருடைய தவணை முடிந்துவிடும் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அதோடு, 2015 ஆகஸ்ட் பொதுத்தேர்தலுக்குப் பிறகு முல்லைத்தீவின் சிவமோகனும் யாழ்ப்பாணத்தின் அங்கஜன் இராமநாதனும் நாடாளுமன்றம் போய்விட்டார்கள். 2016 ஒக்டோபரில் பிரதி அவைத் தலைவர் அன்ரனி ஜெகநாதன் காலமானார். ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் இன்னொரு ஆள், உங்கள் கொப்பியில் இன்னொரு வரி.

கேள்வி: அப்படி வெற்றிடம் வந்தால் இடைத்தேர்தல் வைக்க வேண்டாமா? இந்தியாவில் வைக்கிறார்களே! (வவுனியா வாசகி)

பதில்: அங்கே தொகுதிக்கு ஒரு ஆள். இங்கே மாவட்டத்துக்கு ஒரு பட்டியல். நீங்கள் முதலில் கட்சிச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டீர்கள், பிறகு மூன்று பேருக்கு விருப்பு வாக்குக் கொடுத்தீர்கள், வெற்றிடம் வந்தால் அதே கட்சிப் பட்டியலின் விருப்பு வாக்கு வரிசையில் தோற்றவர்களில் முன்னுக்கு நிற்கிறவர் உள்ளே வருவார். தோற்றவர் வீட்டில் இருந்தபடியே உறுப்பினராகும் வசதி!

விருப்பு வாக்கு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் முதலமைச்சர் விக்னேஸ்வரனுக்கு 1,32,255. இரண்டாமிடம் பெரிய கட்சிக்காரர் யாருமில்லை, அனந்தி சசிதரன், 87,870. நேரடித் தேர்வில் வந்த ஒரேயொரு பெண் அவர்தான். 36இல் ஒன்று! போரில் கணவனைத் தொலைத்த பெண்கள் இவ்வளவு பேர் இருக்கிற மாகாணத்தில் இது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

கேள்வி: கூட்டமைப்பின் 30 பேர் ஒரே பக்கம் இருந்தும் ஏன் தங்களுக்குள் அடிபட்டார்கள்? (மன்னார் வாசகர்)

பதில்: முதல் நாளிலேயே தெரிந்த விஷயம்தான். முதலமைச்சர் கொழும்பில் அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவுக்கு முன்னால் பதவியேற்றார், கூட்டமைப்பின் இன்னொரு உறுப்பினர் சிவாஜிலிங்கமோ போர் முடிந்த முள்ளிவாய்க்காலுக்குப் போய் அங்கே நின்று சத்தியப்பிரமாணம் செய்தார். ஒரே கட்சிப் பட்டியல், ஒரே சபை. அமைச்சர் பதவி முதலமைச்சரோடு சேர்த்து மொத்தம் ஐந்துதான், கேட்டவர்களோ அதைவிடக் கூட. 2015 பெப்ரவரி 10 இனப்படுகொலைத் தீர்மானத்தின்போது ஒன்றாக நின்றவர்கள், 2017 ஜூனில் அமைச்சர்கள் மீதான விசாரணையில் பிரிந்தார்கள். முதலமைச்சருக்கு எதிராக 21 பேர் கையெழுத்திட்ட நம்பிக்கையில்லாப் பிரேரணை ஆளுநர் கைக்குப் போனது. 38இல் 21, அதாவது கணக்கு அவர்கள் பக்கம். ஆனாலும் சில நாட்களில் திருப்பி எடுத்துவிட்டார்கள், ஏனென்றால் வெளியே சனம் முதலமைச்சர் பக்கம் நின்றது. அந்தக் கிழமை சபை கூடிய கைதடிக் கட்டடத்தைவிடத் தேநீர்க் கடைகளில்தான் விவாதம் சூடாக நடந்தது.

கேள்வி: இப்போது என் மாவட்டத்து மாகாண சபை உறுப்பினர் யார்? ஒரு வீதி விஷயமாகக் கடிதம் கொடுக்க வேண்டும். (கிளிநொச்சி வாசகர்)

பதில்: ஒருவரும் இல்லை, ஐயா. முதல் அமர்வு 2013 ஒக்டோபர் 25இல் கைதடியில் நடந்தது, ஐந்து ஆண்டு 2018 ஒக்டோபரில் முடிந்தது, சபை கலைந்தது. அதற்கு முன்பே 2017இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் கொண்டுவந்தார்கள், அதற்காகத் தொகுதிகளைப் பிரித்த எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது அதைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்று தேர்தல் நடுவில் தொங்கிப்போனது. சபை போனாலும் ஆளுநர் இருக்கிறார், பிரதம செயலாளர் இருக்கிறார், திணைக்களங்களும் இருக்கின்றன. மாகாண வீதி என்றால் கடிதத்தை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு அனுப்புங்கள். பிரதியை ஆளுநர் செயலகத்துக்குப் போட மறக்காதீர்கள், பதிவுத் தபாலில்.