‘டானி டார்கோ’: மனநோயா, காலப்பயணமா? எந்தப் பதிப்பைப் பார்ப்பது?

‘டானி டார்கோ’ என்னும் அமெரிக்கப் படத்தில், அதன் நாயகனான பள்ளி மாணவன் டானி காண்பதெல்லாம் அவனுடைய நோயா, அல்லது உண்மையாகவே காலம் பிறழ்கிறதா, இரண்டு பதிப்புகளில் எதை முதலில் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முடிவையும் சேர்த்தே எழுதுகிறேன்; படம் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

இந்தப் படத்தைப் பற்றி நடுநிலையோடு பேசக்கூடியவன் அல்லன் நான். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்த எனக்கு, பதினொரு வயதிலிருந்து மூன்று ஆண்டுகள் தூக்கத்தில் நடக்கும் பழக்கம் இருந்தது. ஒருநாள் நள்ளிரவில் தேயிலை ஃபேக்டரிக்குப் போகும் ரோட்டில் நான் நின்றிருந்ததை, நைட் ஷிஃப்ட் முடித்து வந்த ஒருவர் கண்டு வீட்டில் கொண்டுவந்து விட்டார். கரடி நடமாடும் ரோடு அது. மறுநாளே அம்மா என் வலது காலில் சலங்கை கட்டினார். பாட்டி தன் பங்குக்கு மந்திரித்த கயிறு கட்டினார். குன்னூரில் பார்த்த டாக்டரோ, இது கனவு காண்பதால் வருவதில்லை, ஆழ்ந்த தூக்கத்தில் மூளை அரைகுறையாக விழித்துக்கொள்வதால் வருவது, பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர நின்றுவிடும் என்று சொல்லி அனுப்பினார். எனக்கும் அப்படியே நின்றது.

ஆகவே, விடியற்காலையில் மலைச் சாலையின் நடுவே, சைக்கிள் ஒருபுறம் கிடக்க, ஒரு பையன் கண்விழித்து எழுந்து, கீழே தெரியும் பள்ளத்தாக்கைப் பார்த்துத் தனக்குள் சிரிக்கும் அந்த முதல் காட்சி, எனக்கு விசித்திரமாகவே தோன்றவில்லை. எங்கே இருக்கிறோம் என்று தெரியாத அந்த முதல் நொடியில் பயம் வருவதில்லை. அது வீட்டார் முகத்தைப் பார்த்த பிறகுதான் வரும். இதை அறிந்தவர் எடுத்த படம் என்று அப்போதே எனக்குப் பட்டது.

கேள்விக்கு வருகிறேன். கதை நடப்பது 1988 அக்டோபரில், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில். முயல் வேடமிட்ட ஃபிராங்க் என்னும் உருவம் டானியை நள்ளிரவில் வெளியே அழைத்து, உலகம் முடிய 28 நாள், 6 மணி, 42 நிமிடம், 12 விநாடி இருப்பதாகச் சொல்கிறது. அதே இரவில், அவன் படுத்திருக்க வேண்டிய அறையின் மேல் ஒரு ஜெட் இன்ஜின் விழுகிறது. அது எந்த விமானத்தினுடையது என்று அதிகாரிகளாலேயே சொல்ல முடியவில்லை. முயல் டானியின் கண்ணுக்கு மட்டும் தெரிவது; இன்ஜினோ ஊரே கூடி நின்று பார்த்தது. எனவே எல்லாம் அவன் மனப்பிரமை என்று தள்ளிவிட முடியாது. ஆனால், நோயாளி என்று மாத்திரை கொடுக்கப்படும் அந்தப் பையனை அன்றிரவு சாவிலிருந்து தப்பவைத்தது அந்தப் பிரமைதான். நோயா, காலமா என்று பிரித்தெடுக்க முடியாதபடி இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டியிருப்பதே இந்தப் படத்தின் பலம் என்பேன்.

இதனால்தான், இயக்குநர் ரிச்சர்ட் கெல்லியே 2004இல் மீண்டும் தொகுத்த, ஏறக்குறைய 20 நிமிடம் நீளமான பதிப்பு எனக்கு உவப்பாக இல்லை. ‘மரணப் பாட்டி’ என்று ஊரார் அழைக்கும் மூதாட்டி எழுதிய காலப்பயணப் புத்தகத்தின் பக்கங்கள் அதில் திரையிலேயே வருகின்றன. மூல உலகிலிருந்து கிளைத்த இன்னோர் உலகம் இது, இன்ஜினைத் திருப்பி அனுப்பாவிட்டால் எல்லாம் அழியும் என்று விதிகளெல்லாம் விளங்கிவிடுகின்றன. போதாததற்கு, டானி விழுங்கியவை வெறும் ஒப்புக்குக் கொடுத்த மாத்திரைகள் என்று மனநல மருத்துவரே சொல்லிவிடுகிறார். அந்த ஒரு வசனத்தோடு முடிச்சின் ஒரு பக்கம் அவிழ்ந்துவிடுகிறது. 2001இல் வந்த பதிப்பில், காலத்தைப் பற்றி டானி கேள்வி மேல் கேள்வி கேட்கும்போது, இதற்கு மேல் பேசினால் வேலை போய்விடும் என்று இயற்பியல் ஆசிரியர் பின்வாங்குவார். நமக்கும் விளக்கம் ஏறத்தாழ அவ்வளவில் நின்றுவிடும். அது போதும். (அந்தப் பதிப்பு திரையரங்குகளில் எடுபடவில்லை. செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து ஆறு வாரங்களில், விமான இன்ஜின் வீட்டின் மேல் விழும் படத்தைக் காண யாருக்கு மனம் வரும்? பின்னர் டிவிடியில்தான் ரசிகர்கள் சேர்ந்தார்கள்.)

சென்ற ஆண்டு ஜூலை மழையில், வெளியே எங்கும் போக முடியாத ஓர் இரவு, அம்மாவை உட்கார வைத்து இதைக் காட்டினேன். ஆங்கிலம் அவருக்கு வராது; இடையிடையே நான்தான் கதை சொன்னேன். முதல் காட்சியிலேயே, “ஏன்டா, இவன் காலுக்கும் அவங்கம்மா ஒரு சலங்கை கட்டியிருக்கலாம்ல?” என்று கேட்டார். சிறிது நேரத்தில் இன்ஜின் விழுந்தது. கட்டியிருந்தால் இப்போது செத்திருப்பான் அம்மா என்றேன். அதன் பிறகு அவர் வெகுநேரம் பேசவில்லை. இறுதியில் காலம் பின்னோக்கிச் சுருண்டு மீண்டும் அந்த முதல் இரவு வருகிறது. இம்முறை டானி எங்கும் போகாமல் தன் கட்டிலில் படுத்துச் சிரிக்கிறான். “தெரிஞ்சேதான் படுத்திருக்கான்” என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்தார்.

2001 பதிப்பையே முதலில் பாருங்கள். அது பிடித்திருந்தால், இன்னொன்றைச் சில மாதங்கள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.