மூலைக்கு மூலை

ஐயா, வணக்கம்.

காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் சிறிய காண்ட்ராக்டர் நான். அரசுக் கட்டட வேலையும் எடுப்பேன். சாயங்காலம் டீக்கடையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரே கிண்டல்தான். "பில் பொங்கலுக்கு வந்துரும்ணே." "எந்தப் பொங்கலுக்குடா?" "நம்ம கடன் மட்டும்தான்ணே பெர்மனென்ட்டு." சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனால் தூக்கம் வருவதில்லை. சென்னையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்துவிடலாமா?

ஒரு வாசகர், காரைக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

சென்னை விஷயத்தை வீட்டில் பேசி முடிவெடுங்கள். அங்கேயும் ப்ராஜெக்ட் முடிந்தால் பெட்டி கட்டுகிறவர்கள் உண்டு. தூக்கம் வராத மனுஷனைத் திட்டக் கூடாதுதான். இருந்தாலும் கேட்கிறேன்: பில் வரவில்லை என்று சிரிக்கும் நாலு பேரில் எத்தனை பேர், பில் எப்போது வரவேண்டும் என்று ஒழுங்காக எழுதிவைத்தீர்கள்?

அரசு வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜிஎஸ்டி நீங்கலாக 10 லட்ச ரூபாய் பில் என்றால் தனிநபருக்கு வருமான வரிப் பிடித்தம் 1 சதவீதம், ஜிஎஸ்டி பிடித்தம் 2 சதவீதம். ஒப்பந்தத்தில் 5 சதவீதம் நிறுத்திவைப்பு, அதாவது பின்னால் வேலையில் குறை வந்தால் என்று பிடித்துவைப்பது, இருந்தால் மொத்தம் 80,000 போய்விடும். மூன்றும் உங்கள் பணம்தான், ஆனால் சனிக்கிழமைக் கூலிக்கு உதவாது. 10 சதவீத லாபம் வைத்தவர் கையில் அன்றைக்கு 2 சதவீதம். இதைப் பார்க்காமல் ரேட்டைக் குறைத்து டெண்டர் போடுகிறவருக்காக நான் வருத்தப்பட மாட்டேன்.

என் ஆதங்கம் வீட்டு வேலை பற்றியது. செட்டிநாட்டுப் பெரிய வீட்டுக்குப் பெரும்பாலும் ஒரே முதலாளி கிடையாது. பத்துப் புள்ளிக்கு, அதாவது பத்துக் குடும்பத்துக்குப் பங்கு இருக்கும். ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் கோயம்புத்தூரில். ஒரு பங்கு வராவிட்டால் வேலை நிற்கும். நிற்கட்டும், எந்த இடத்தில் நிற்கிறது? "ஆரம்பத்தில் 30, பாதியில் 40, முடிந்ததும் 30" என்று எழுதுகிறீர்களே, பாதி என்றால் எது? வளவு என்கிற உள்முற்றத்துச் சுவரில் பாதியா?

சுண்ணாம்புப் பூச்சு பாதியில் நிற்கவே கூடாது. கீழ்ப்பூச்சின் ஈரம் போவதற்குள் மேல்பூச்சு ஏற வேண்டும். வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே போனால்தான் அந்தப் பளபளப்பு வரும். நடுச்சுவரில் ஆளை நிறுத்தினால் ஓரம் காய்ந்துவிடும். அடுத்த மாதம் புதுச் சாந்தை ஒட்டும்போது காய்ந்த ஓரம் அதன் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஒட்டு கோடாகத் தெரியும், மயிரிழை விரிசல் விடும். பணம் முடை, சார வாடகை வேறு ஏறுகிறது என்று அவசரத்தில் சிமென்ட் வைத்து மறைப்பீர்கள். சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துச் சுண்ணாம்பில் உப்புப் பூக்கும், சுவரடி பொருக்குத் தட்டும். அடுத்த வேலை உங்களுக்கு வராமல் போவது இங்கேதான். டீக்கடையில் பழி பங்காளிகள் மேல்!

ஆகவே தவணையைச் சுவருக்குச் சுவர், மூலைக்கு மூலை எழுதுங்கள். ஒரு சுவருக்கான கூலியும் சார வாடகையும் கைக்கு வந்த பிறகு அந்தச் சுவரைத் தொடுங்கள். சுண்ணாம்பை முதல் நாளே நீற்றித் தண்ணீருக்கடியில் போட்டுவிடுங்கள். பணம் தாமதமானாலும் அது கெடாது, இன்னும் பதமாகும். நீறாத கட்டி கலந்தால் பூச்சில் கொப்புளம் கிளம்பும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஓட்டு வேலை. ஓடு இறக்கி, ஓட்டைத் தாங்கும் மரச்சட்டமான ரீப்பரில் உளுத்ததை மாற்றி, திரும்ப வேய்வதற்கான முழுப்பணமும் முதல் தவணையிலேயே வரவேண்டும். ஓட்டை இறக்கிவிட்டு ஐப்பசியில் பங்குப் பணத்துக்குக் காத்திருக்காதீர்கள்.

அன்புடன்.