கொலைக் கேஸ் வக்கீலு எம்.பி. ஆகலாமா?

தென்னாப்பிரிக்கா டர்பன்ல கொலைக் கேஸ் வாதாடுற வக்கீல் தம்பி, எம்.பி. தேர்தலுக்கு கட்சி வேட்பாளர் லிஸ்ட்ல போட உங்க பேர் கேக்குறாங்கன்னு எழுதியிருக்கீங்க, கொலைகாரனுக்கு வாதாடுனவன்னு கெளப்பி விடுவாங்களோன்னு பயப்படுறீங்க. அட விடுங்க, டல்லா ஓமர் அரசியல் கைதிங்களுக்கு வாதாடுனவரு, 1994ல நீதி மந்திரியே ஆனாரு. நீங்களே அபராதத்துக்கு வழியில்லாம 12 மாசத்துக்கு மேல ஜெயில் தண்டனை வாங்கியிருந்தா தான் சட்டம் தடுக்கும், கட்சிக்காரன் வாங்குனது (கோர்ட் கட்சிக்காரனைச் சொல்றேன்) உங்க கணக்குல வராது.

எனக்கு கவலை வேற. 400 சீட்டுல கட்சிக்கு கெடைக்கிறதெல்லாம் லிஸ்ட் கணக்கு தான், வாங்குன ஓட்டுக்கு ஏத்தபடி லிஸ்ட்ல மேல இருந்து ஆள் எடுப்பாங்க, உங்க பேர் எத்தனாவதுன்னு எழுத்துல கேளுங்க, கீழ போட்டா சும்மா போஸ்டர் ஒட்டத்தான். பார்லிமென்ட் வேற தூரத்துல கேப் டவுன்ல, பாதி விசாரணைல நிக்கிற கேஸெல்லாம் யார் கையில குடுப்பீங்க? என் மச்சான் இப்படி நடுவுல விட்டுட்டு போனப்ப டர்பன் சாட்ஸ்வொர்த் ஏரியா அம்மா ஒருத்தங்க மகனோட பெயில் பேப்பரை பிளாஸ்டிக் பையில சுத்தி வச்சிக்கிட்டு ஆபீஸ் வாசல்லயே நின்னாங்க. புது கேஸ் எடுக்கறத இன்னைக்கே நிறுத்துங்க.