அம்மா பிறந்த ஊர் ஹட்டன் என்று எழுதலாமா?

கேள்வி: பெங்களூர் அல்சூரில் வசிக்கிறோம். ராணுவ அதிகாரிகளுக்கான சி.டி.எஸ். எழுத்துத் தேர்வும் எஸ்.எஸ்.பி. என்ற தேர்வு வாரியத்தின் நேர்காணலும் மருத்துவப் பரிசோதனையும் முடிந்து, சென்னை ஓ.டி.ஏ.வில் (ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி) சேர இருக்கிறேன். சரிபார்ப்புப் படிவத்தில் பெற்றோர் பிறந்த இடத்தைக் கேட்கிறார்கள். என் அம்மா இலங்கை ஹட்டனில் பிறந்து, ஏழு வயதில் தாயகம் திரும்பியவர். கர்நாடகத்தின் சுள்யா ரப்பர் தோட்டத்தில் வளர்ந்ததால், "சுள்யா என்றே எழுதிவிடு, வம்பு வேண்டாம்" என்கிறார் மாமா. கோவையில் படித்தபோது மறியலில் கலந்துகொண்டு நீதிமன்றத்தில் அபராதம் கட்டியதையும் விட்டுவிடச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: உங்கள் மாமா அன்பினால் சொல்கிறார், ஆனால் இந்த இரண்டு யோசனைகளையும் நீங்கள் ஏற்கக் கூடாது.

1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரில் 5,25,000 பேரை ஏற்றுக்கொள்வதாக இந்திய அரசே ஒப்புக்கொண்டது. அவ்வாறு வந்தவர்கள் இந்தியக் கடவுச்சீட்டோடு தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் குடும்ப அட்டை பெற்றவர்கள். சுள்யா, புத்தூர் ரப்பர் தோட்டங்களில் அவர்களைக் குடியமர்த்தியதும் அரசுதான். எனவே ஹட்டன் என்று எழுதுவதில் உங்கள் அம்மாவின் குடியுரிமைக்கு எந்தக் குறைவும் இல்லை. அதை மறைத்துச் சுள்யா என்று எழுதினால்தான், அரசின் பழைய ஏட்டுக்கும் உங்கள் கையெழுத்துக்கும் முரண்பாடு உண்டாகும். பாட்டியின் கடவுச்சீட்டும் மண்டபம் அட்டையும் வீட்டில் எந்தப் பெட்டியில் இருந்தாலும் தேடியெடுத்து நகல் எடுத்து வையுங்கள்.

அபராத விஷயம் சற்றுக் கனமானது. கைது செய்யப்பட்டீர்களா, வழக்குத் தொடரப்பட்டதா, நீதிமன்றம் அபராதம் விதித்ததா என்று படிவம் தனித்தனியாகக் கேட்கிறது. பொய்த் தகவல் தருவதும் உண்மையை மறைப்பதும் தகுதியிழப்புக்கு உரியவை என்றும் எச்சரிக்கிறது. இத்தகைய மறைப்பைப் பற்றி உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2016 ஜூலையில், அவதார் சிங் வழக்கில், விரிவாகத் தீர்ப்பளித்தது. இளவயதில் கோஷம் எழுப்பியது போன்ற அற்ப வழக்கை ஒருவர் மறைத்திருந்தாலும், வேலை தருபவர் விரும்பினால் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்கிறது அத்தீர்ப்பு. "விடலாம்" என்பது அவர்களுடைய விருப்பமே தவிர உங்களுடைய உரிமை அல்ல என்பதால், அதை நம்பி மறைக்காதீர்கள். உண்மையைச் சொன்னவருடைய முன்வரலாற்றையும் பரிசீலிக்கும் உரிமை வேலை தருபவருக்கு உண்டு என்றும் அதே தீர்ப்பு சொல்வதால், எந்த இடையூறும் வராது என்று நான் உறுதி தர இயலாது. ஆயினும் முடிந்துபோன ஒரு மறியல் வழக்கை முழுமையாகச் சொல்லிவிட்டு அவர்களுடைய முடிவுக்குக் காத்திருப்பது, பயிற்சியின் நடுவிலோ அதிகாரியான பிறகோ காவல்துறை அறிக்கை வழியாக அது வெளிப்படுவதைவிட எவ்வளவோ மேலானது. கோவை நீதிமன்றத்தில் உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு இன்றே விண்ணப்பியுங்கள். வழக்கு எண், பிரிவு, தேதி, அபராதத் தொகை ஆகியவற்றை அந்த நகலைப் பார்த்தே எழுதுங்கள்.

கடந்த ஐந்து ஆண்டுகளில் ஓராண்டுக்கு மேல் தங்கிய முகவரிகளில் கோவை விடுதியையும் சேர்க்க வேண்டும், எஸ்.எஸ்.பி.யில் எழுதிக் கொடுத்த விவரங்களோடு அவை பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். படிவத்தைக் கொடுத்த பிறகு புதிதாக ஏதேனும் வழக்கு வந்தாலும் உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அதுவும் மறைத்ததாகவே கொள்ளப்படும்.

பெற்றோர் விவரப் பக்கத்தை நிரப்பும்போது அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஹட்டன் என்பதன் எழுத்துகள் அவருடைய பழைய அட்டையில் எப்படி இருக்கின்றனவோ, அப்படியே எழுதுங்கள்.