வயது போடாத ஆஸ்திரேலிய விஸ்கி: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: அடுத்த மாதம் மெல்போர்னுக்கும் ஹோபார்ட்டுக்கும் போகிறேன். இதுவரை ஸ்காட்ச் மட்டும்தான் குடித்திருக்கிறேன். அங்குள்ள புது டிஸ்டில்லரிகளின் சிங்கிள் மால்ட் (ஒரே டிஸ்டில்லரியில், முளைகட்டிய பார்லியில் மட்டும் காய்ச்சிய விஸ்கி) பாட்டில்கள் பலவற்றில் வயதே இல்லை, விலையோ அதிகம். எப்படி ருசி பார்த்து வாங்குவது?

பதில்: வயதை விடுங்கள், பீப்பாயைப் பாருங்கள். ஸ்காட்லாந்தில் விஸ்கி குறைந்தது 3 ஆண்டு மரத்தில் கிடக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2 ஆண்டு போதும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. மெல்போர்னில் ஒரே நாளில் வெயிலும் குளிரும் மாறி மாறி வரும். சூட்டில் சரக்கு மரத்துக்குள் ஏறும், குளிரில் இறங்கும். ஹோபார்ட் இருக்கும் டாஸ்மேனியாத் தீவில் 20, 100 லிட்டர் பீப்பாய்கள் சகஜம். பீப்பாய் சிறிதானால் ஒவ்வொரு லிட்டர் சரக்கையும் தொடும் மரம் அதிகம். அதனால் நிறமும் இனிப்பும் சீக்கிரமே வந்துவிடும். ஆனால் பச்சைச் சரக்கின் முரட்டுத்தனம் அவ்வளவு வேகமாக அடங்காது. அதைக் கண்டுபிடிக்கத்தான் ருசி பார்ப்பதே.

வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில் 15 மில்லி போதும். ஐஸ், சோடா வேண்டாம். ஐந்து நிமிடம் சும்மா வையுங்கள். அப்புறம் வாயை லேசாகத் திறந்தபடி மோந்து பாருங்கள். மூக்கை உள்ளே நுழைத்தால் எரிச்சல்தான் மிஞ்சும். ஒரு வாய் ராவாக. அடுத்து அரை டீஸ்பூன் தண்ணீர் விட்டு இன்னொரு வாய். நல்ல சரக்கு இப்போது விரியும்: ஆரஞ்சுத் தோல், உலர்ந்த அத்தி, வெல்லப்பாகு. அவசரச் சரக்கில் இனிப்பு கழன்றுகொள்ளும். மரப்பட்டறை வாசமும், கொட்டைப்பாக்கை மென்றதுபோல் துவர்ப்பும் நிற்கும். என்ன விருது வாங்கியிருந்தாலும் அந்த பாட்டிலை நான் வாங்க மாட்டேன்.

லேபிளில் 'அபேரா' என்றிருந்தால் அது ஷெர்ரி பாணி ஆஸ்திரேலிய ஒயின் இருந்த பீப்பாய். 'டானி' என்றால் போர்ட் ஒயின் பாணி. மெல்போர்னின் ஸ்டார்வார்ட் நோவா சிவப்பு ஒயின் பீப்பாயில் வளர்ந்தது, 41 சதவீதம்தான், அதில் தொடங்குங்கள். ஹோபார்ட்டில் லார்க் டிஸ்டில்லரியைத் தவறவிடாதீர்கள். 1992இல் பில் லார்க் உரிமம் வாங்கித் தொடங்கிய பிறகுதான் டாஸ்மேனியாவில் விஸ்கி மறுபடி பிறந்தது. 2014இல் அதே தீவின் சல்லிவன்ஸ் கோவ் உலகின் சிறந்த சிங்கிள் மால்ட் விருதை வென்றது. புகைவாசம் உள்ள 'பீட்' ரகத்தைக் கடைசியில் வையுங்கள்; அதற்குப் பிறகு நாக்கில் வேறெதுவும் ஏறாது. ஒரு நாளைக்கு நாலு ரகத்துக்கு மேல் வேண்டாம்.

விலையில் வரிக்கும் பெரிய பங்குண்டு. சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 100 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கலால் வரி. 43 சதவீத 700 மில்லி பாட்டிலில் அதுவே சுமார் 30 டாலர். ஆகவே பல டிஸ்டில்லரிகளில் கிடைக்கும் குட்டி பாட்டில்களில் இரண்டு மூன்றை வாங்கி, அறைக்குப் போய் நிதானமாக ஒப்பிடுங்கள். வாடகைக் கார் எடுப்பதாக இருந்தால் துப்பிவிடுவதே நல்லது, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அங்கே வண்டி ஓட்டுபவர்களுக்கு ரத்த ஆல்கஹால் வரம்பு 0.05 சதவீதம்.